வாய்க்கால் தகராறுக்கு சர்வே எடுத்தோம்: நாகர்கோவில் பிரைவேட் சர்வே ஆபீஸ் அனுபவம், செலவு, குறை எல்லாம்

எங்க வயல் தோவாளை சானல்ல இருந்து பிரியுற ஒரு கிளை வாய்க்காலுக்க கடைசில கெடக்கு, கடைவரம்புன்னு பேப்பர்ல போடுவாவளே அதுதான். மொத்தம் 72 சென்ட். அப்பா இருந்த வரைக்கும் கன்னிப்பூ கும்பப்பூன்னு வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல்லு எடுப்பாரு, கன்னிப்பூவுக்கு அம்பை 16 ரகம், கும்பப்பூவுக்கு பொன்மணி. அப்பா போன பொறவு நான்தான் ஆள் விட்டு பாக்கேன். போன வருஷம் கன்னிப்பூ நட்டு பதினெட்டாம் நாள் வயல்ல எறங்கினா கால் புதையல, மண்ணு வெடிச்சு வெடிப்புக்குள்ள விரல் போகுது, ஆனா நாலு வயல் தள்ளி மேல தண்ணி வரப்ப தொட்டு நிக்குது. அன்னைக்கு வரப்புல ஒக்காந்து அழுதேன், அதுக்கு எனக்கு வெக்கமெல்லாம் கெடையாது.

இந்த ரிவ்யூ எழுதக் காரணம், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இதே பிரச்சனையோட எத்தனையோ பேரு இருக்காவ. எல்லாரும் மொதல்ல சண்டைக்குப் போறோம், அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் வக்கீல், கடைசிலதான் அளவு. நாங்களும் அப்படித்தான் ஒரு வருஷத்த வீணாக்கினோம். கடைசில நாகர்கோவில்ல ஒரு பிரைவேட் சர்வே ஆபீஸ புடிச்சு வாய்க்கால அளந்தோம். ஆபீஸ் பேரு போடல, ஏன்னா நல்லதும் சொல்லுவேன் குறையும் சொல்லுவேன், ஒருத்தர் அனுபவத்த வச்சு அவிய பொழப்புல கைவைக்க வேண்டாம்.

முதல்ல என்ன தகராறுன்னு சொல்லிடுதேன். 2021 நவம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது, சானல் கரை எத்தனை இடத்துல ஒடைஞ்சுது, எங்க கிளை வாய்க்காலும் மண்ணடிச்சு மேடாகிப் போச்சு. அடுத்த வருஷம் ஆள் வச்சு மம்பட்டியால ஒரு சால் மாதிரி எடுத்து எப்படியோ ஒப்பேத்தினோம். அதுக்கடுத்த வருஷம் போய்ப் பாத்தா எங்களுக்கு மேக்க உள்ள வயல்காரர், அவரு எங்களுக்கு ஒரு வகையில மாமா முறை, மேடான இடத்த அப்படியே நிரத்தி வாழ வச்சுட்டாரு, நடுவுல ஒரு 6 இஞ்ச் பிவிசி பைப்ப பொதைச்சு விட்டிருக்காரு. கேட்டதுக்கு, "மக்ளே, பைப் போட்டிருக்கேம்லா, தண்ணி போகத்தான செய்யும்"ன்னாரு. அவரு கெட்ட மனசோட சொல்லல, உண்மையாவே அப்படி நெனச்சுட்டாருன்னு இப்ப தோணுது, அன்னைக்கு எனக்கு அப்படித் தோணல.

அந்த பைப்புல வாழச்சருகு போய் அடைச்சுக்கிடும். எங்களுக்கு தண்ணி பாய்ச்சுற மொற சனிக்கிழம ராத்திரி, டார்ச் எடுத்துட்டு போய் கம்பு விட்டு குத்தி எடுத்தா கொஞ்ச நேரம் ஓடும், வீட்டுக்கு வர்றதுக்குள்ள திரும்ப அடைச்சிரும்.

எங்க தண்ணி எவ்வளவு தூரம் தாண்டி வருதுன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும். அணைக்க முழு மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, ரெண்டு சிற்றாறும் 18 அடி, இந்த நாலு அணைக்க நம்பர் தெரியாத விவசாயி இங்க கெடையாது, காலைல பேப்பர் வந்ததும் நீர்மட்டம் எவ்வளவுன்னுதான் மொதல்ல பாப்போம். ஜூன் 1 தொறந்து பிப்ரவரி 28 அடைக்கது வழக்கம். பேச்சிப்பாறை தண்ணி இடதுகரை கால்வாய்ல புத்தன் அணைக்கு வந்து, அங்க இருந்து பத்மநாபபுரம் புத்தனாறு, பாண்டியன் கால்னு பிரிஞ்சு, அதுக்குப் பொறவு தோவாளை சானல், அனந்தனார் சானல், அப்புறம் கிளை, கிளைல மடை, மடைல வயல். கோதையாறு பாசனம்னு மொத்தமா 79,000 ஏக்கர் கணக்கு. இவ்வளவு தூரம் மலையும் காடும் தாண்டி வந்த தண்ணி கடைசி அறுபது எழுவது மீட்டர்ல ஒரு 6 இஞ்ச் பைப்புல நின்னு போகுதுன்னா எப்படி இருக்கும்.

சரி, சர்வே ஆபீஸுக்கு வாறேன். எங்களுக்கு பத்திரம் எழுதித் தர்ற அண்ணாச்சிதான் அனுப்பி வச்சாவ. போனதும் அவிய கேட்டது சண்ட கதைய இல்ல, சர்வே நம்பர். எங்க நம்பர், மாமாவுக்க நம்பர், சானல் வரைக்கும் இடையில வர்ற எல்லா நம்பரும். நான் எனக்க பட்டாவ மட்டும் கொண்டு போயிருந்தேன். "அக்கா, உங்க வயல அளந்து ஒண்ணும் ஆகாது, வாய்க்கால் உங்க வயல்ல இல்லியே, அது வர்ற வழியத்தான பாக்கணும்"னு சொன்னாரு சர்வேயர். இத யாராவது ஒரு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

அதுக்குப் பொறவு ரெக்கார்டு எடுத்தாவ. எஃப்எம்பி, அதாவது புல வரைபடம், ஊர் நெலம் எல்லாத்துக்கும் சர்வே நம்பர் வாரியா கணக்கு வச்சிருக்க ஏ ரிஜிஸ்டர், அப்புறம் திருவிதாங்கூர் காலத்துல இருந்து நம்ம ஊர்ல வழக்கத்துல வர்ற, நெலம் யாரு பேர்லன்னு காட்டுற பழைய தண்டப்பேர் ரெக்கார்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி நாம திருவிதாங்கூர்-கொச்சி பக்கம்லா, அதனால நம்ம மாவட்டத்துல நெலம் பத்தின பேப்பர் மத்த மாவட்டம் மாதிரி இருக்காது, வெளியூர் சர்வேயர் வந்தா முழிப்பாரு. இவிய உள்ளூர் ஆளுங்க, அதனால அதுல தடுமாற்றமே இல்ல. இந்த ஒரு விஷயத்துக்காகவே உள்ளூர்ல பாருங்கன்னு சொல்லுவேன்.

இதுல நான் கத்துக்கிட்ட முக்கியமான சமாச்சாரம் ஒண்ணு. வாய்க்கால்னு நாம பொதுவா சொல்லுதோம், ஆனா பேப்பர்ல அது ரெண்டு விதம். ஒண்ணு புறம்போக்கு, தனி நம்பரோ உட்பிரிவோ போட்டு ஏ ரிஜிஸ்டர்ல வாய்க்கால்னே எழுதியிருக்கும், அது அரசாங்க எடம், அதுல ஆக்கிரமிப்புன்னா தாசில்தாருக்கும் நீர்வளத்துறைக்கும் மனு குடுக்கலாம், 1905-லயே அதுக்கு சட்டம் இருக்கு. இன்னொண்ணு ஒருத்தர் பட்டா நெலத்துக்குள்ளயே ஓடுற வாய்க்கால். அங்க நெலம் அவருக்குள்ளது, நமக்கு இருக்கது தண்ணி கொண்டு போற உரிம மட்டும்தான். அதுக்கு 1882-ஆம் வருஷ ஈஸ்மென்ட் சட்டம், தடையில்லாம, வெளிப்படையா, உரிமையோட 20 வருஷம் அனுபவிச்சிருக்கணும். இதுல யாரும் சொல்லாத ஒண்ண வக்கீல் சொன்னாரு, அந்த 20 வருஷ அனுபவம் கேஸ் போடுறதுக்கு முந்தின 2 வருஷத்துக்குள்ள வரைக்கும் இருந்திருக்கணுமாம். அதாவது அடைச்ச பொறவு பேசிப் பாக்கலாம் பேசிப் பாக்கலாம்னு வருஷக்கணக்கா இழுத்தா நம்ம உரிமையே ஆட்டம் கண்டுரும். நாங்க ஒன்றர வருஷத்த தாண்டியிருந்தோம், கேட்டதும் வயித்துல புளிய கரைச்சுது.

அளவு எடுத்தது ஏப்ரல்ல. சானல் அடைச்சு வாய்க்கால் காஞ்சு கெடக்க நேரம், அதுதான் சரியான சமயம், தண்ணி ஓடும்போது எறங்கி கல்லு தேட முடியாது. காலைல 7 மணிக்கு மூணு பேரு வந்தாவ, சர்வேயர், கம்பு புடிக்க ஒரு தம்பி, வெட்டுறதுக்கு ஒரு ஆளு. சாட்டிலைட்ட வச்சு அளக்க டிஜிபிஎஸ் கருவி வச்சிருந்தாவ, ஆனா தென்ன மரத்து அடியில அது சரியா எடுக்கலன்னு டோட்டல் ஸ்டேஷன்னு மூணு கால் ஸ்டாண்டுல வச்சு அளக்க கருவிக்கு மாறினாவ. அப்படி மாறினதுல எனக்கு நம்பிக்க வந்துது, வந்ததுக்கு ஏதோ ஒரு அளவ குறிச்சுட்டு போகல.

கருவிய விட கல்லுதான் முக்கியம்னு அன்னைக்குதான் புரிஞ்சுது. எஃப்எம்பில கோடு இருந்தாலும் நெலத்துல பழைய எல்லக்கல்லு ஒண்ணு ரெண்டாவது கெடச்சாதான் அந்தக் கோட்ட எங்க வைக்கன்னு தெரியும். ஒரு கல்லு சானல் கரையில நேரா கெடச்சுது. ரெண்டாவது கல்லு கெடைக்கவேயில்ல. பத்தர மணி வரைக்கும் தேடினாவ. வெயில் ஏறிப் போச்சு, நான் வீட்டுல இருந்து மோரு கொண்டு வந்து குடுத்தேன். அப்புறம் சர்வேயர் ஒரு எடத்துல நின்னு, இந்த பனைக்கு கெழக்க மூணு அடி வெட்டுன்னாரு. அங்க வாழச்சருகும் மட்டையும் குமிச்சுப் போட்டிருந்தது. அத வாரித் தள்ளி கடப்பாரைய போட்டா ரெண்டாவது குத்துல டங்குன்னு ஒரு சத்தம். எல்லாரும் ஒரு நிமிஷம் பேசல. மண்ண கையால தோண்டி பாட்டில் தண்ணிய ஊத்தி கழுவினா, கருங்கல்லு, தலையில வெட்டின குறி அப்படியே இருக்கு. எங்க அப்பா எத்தன தடவ இந்த வழியா போயிருப்பாரு, அவருக்கு இந்தக் கல்லு தெரிஞ்சிருக்கும்.

அதுக்குப் பொறவு மளமளன்னு வேல முடிஞ்சுது. குச்சி அடிச்சு செவப்பு துணி கட்டி கோலப்பொடி தூவி வாய்க்கால் ஓரத்த ரெண்டு பக்கமும் காட்டினாவ. புறம்போக்கு வாய்க்கால் பேப்பர்ல 1.8 மீட்டர் அகலம், நெலத்துல மிஞ்சி இருந்தது அரை மீட்டர் சொச்சம், மிச்சத்துல பதினோரு மட்டி வாழ நிக்குது. பைப்ப பாத்துட்டு சர்வேயர் ஒரு கணக்கு போட்டுக் காட்டினாரு. மூணு அடி அகலத்துல ஒரு அடி ஆழம் தண்ணி ஓடின எடத்துல 6 இஞ்ச் பைப்புன்னா பதினஞ்சுல ஒரு பங்குதான் வழி இருக்கு. நான் ஒரு வருஷமா வாய் கிழிய சொல்லியும் புரிய வைக்க முடியாதத ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டாரு.

ஆனா அடுத்து அவரு சொன்னது எனக்கு புடிக்கல. எங்க வயல தொடுறதுக்கு முந்தின கடைசி 22 மீட்டர் புறம்போக்கு இல்ல, மாமாவுக்க பட்டா நெலம்தான்னு சொன்னாரு. நான் ஒத்துக்கிடல, அப்பா காலத்துல இருந்து வாய்க்கால் ஓடின எடம், எப்படி அவருக்குள்ளதாகும்னு சத்தம் போட்டேன். காசு நான் குடுக்கேன், எனக்கு சாதகமா சொல்லுவாவன்னு மனசுல இருந்திருக்கு போல. அந்த மனுஷன் கொஞ்சமும் அசையல. "அக்கா, நான் உங்களுக்கு ஒண்ணு மாமாவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிளான் போட முடியாது, வாய்க்கால் இங்க ஓடினது உண்ம, நெலம் அவருக்குள்ளதுங்கறதும் உண்ம"ன்னாரு.

இப்ப யோசிச்சா அந்த ஒரு பேச்சுதான் எங்க பிரச்சனைய தீத்துது. மறுநாள் சாயங்காலம் பிளான எடுத்துட்டு மாமா வீட்டுக்கு போனோம், நானும் எனக்க சித்தப்பாவும். மாமா ரொம்ப நேரம் பேப்பர திருப்பித் திருப்பி பாத்தாரு. மொதல்ல கேட்டது, "இந்த 22 மீட்டர் எனக்க பட்டாதான?" ஆமா மாமா, உங்களுக்குள்ளதுதான்னு சொன்னேன். அப்ப அவரு மொகம் மாறினத நான் பாத்தேன். அவரு பயமே அதுதான், வாய்க்கால விட்டா நெலமே போயிரும்னு யாரோ சொல்லி வச்சிருக்காவ. அத்த காப்பி கொண்டு வந்தாவ. ஒரு வருஷமா அந்த வீட்டு வாசல்ல நான் ஏறல.

முடிவு என்னன்னா, புறம்போக்குல நிக்க வாழய எடுத்துருவாரு, ஆனா குலை போட்டிருக்கு, வெட்டுற வரைக்கும் பொறுக்கணும்னாரு, சரின்னோம். பட்டாவுக்குள்ள குறுக்கால ஓடின பழைய வாய்க்கால மூடிட்டு வரப்போரமா ரெண்டு அடி அகலத்துல புதுசா வெட்டிக்கிடலாம், அவரு நெலமும் ரெண்டா பிரியாது, எங்களுக்கும் தண்ணி வரும். வெட்டுற செலவு எங்களுது. பைப்ப அவரே புடுங்கிட்டாரு. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டாச்சு, ஆனா வக்கீல் இத ரிஜிஸ்டரும் பண்ணிருங்க, நாளைக்கு மாமா புள்ளைங்க யாருக்காவது வித்தா புதுசா வர்றவன் கேக்க மாட்டான்னு சொல்லியிருக்காரு, அந்த வேல இன்னும் பாக்கி.

ஆபீஸ் பத்தின குறைகள் இப்ப சொல்லிருதேன். தேதி குடுத்துட்டு ரெண்டு தடவ மாத்தினாவ, மூணு வாரம் போச்சு. மே தாண்டிட்டா எங்க கதி என்னன்னு அவியளுக்கு வெளங்கல. மதியத்துக்கு மேல போன் எடுக்கதே கெடையாது. மொதல்ல 9,500 ரூபா பேசினாவ, அப்புறம் பழைய ரெக்கார்டு எடுத்ததுக்கு தனியா 2,000 கேட்டாவ, நியாயமான காசுதான், ஆனா முன்னாடியே சொல்லியிருக்கணும். எல்லாத்த விடவும் பெரிய குறை, பிளான் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு. அறுபத்தெட்டு வயசு மனுஷன்கிட்ட காட்டி புரிய வைக்கத்தான இத எடுக்கோம், அவருக்கு வாசிக்க முடியாத பேப்பரால என்ன பிரயோஜனம். நான் ராத்திரி ஒக்காந்து வாய்க்கால், வரப்பு, பனை, மாமா வயல், எங்க வயல்னு ஒவ்வொண்ணுக்கும் பேனாவால தமிழ்ல எழுதினேன். திரும்ப போய் சொன்னேன், இனிமே தமிழ்ல போடுதோம்னு சொல்லியிருக்காவ.

இன்னொண்ணும் தெளிவா தெரிஞ்சுக்கிடுங்க. பிரைவேட் சர்வேயர் போடுற பிளான் அரசாங்க ரெக்கார்டு ஆகாது. எதிராளி ஒத்துக்கிட்டா அது போதும், எங்களுக்கு ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிடலன்னா தாலுகா சர்வேயர்தான் வரணும், அதுக்கு இப்ப ஆன்லைன்லயே மனு போடலாம், கோர்ட்டுக்கு போனா கமிஷன் வக்கீல் வந்து சர்வேயர வச்சு அளப்பாரு. இதையும் எங்க சர்வேயரே சொன்னாரு, மறைக்கல. புறம்போக்கு பகுதிய அரசாங்க சர்வேயர வச்சு கல்லு போட நாங்க தனியா மனு குடுத்திருக்கோம்.

அங்க காத்திருந்த நேரத்துல விளவங்கோடு பக்கத்துக்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு, அவரு வாய்க்கால் பத்தி கேக்க வரல, பாகப்பிரிவினை. பேச்சுக்கு பேச்சு கேரளாவுல உள்ள நெய்யாறு அணை வந்துது. நெய்யாறு இடதுகரை சானல்ல அவிய பக்கம் 9,200 ஏக்கர் பாஞ்சிருக்கு, 2004-ல கேரளா நிறுத்தினது நிறுத்தினதுதான், 2012-ல தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்கு போயாச்சு. "எங்களுக்கு வாய்க்கால் முழுசா இருக்கு மக்ளே, அளவெல்லாம் சரியா இருக்கு, தண்ணிதான் இல்ல"ன்னாரு. நெல்லு போட்ட எடத்துல இப்ப மரச்சீனியும் ரப்பரும். அவருக்கு பதில் சொல்ல எனக்கு வாய் வரல. அதே மாதிரிதான் ராதாபுரம் கால்வாயும். தோவாளை சானல் நீண்டு போய் திருநெல்வேலி மாவட்டத்துல 52 குளம், 17,000 ஏக்கர். தண்ணி கொறஞ்ச வருஷம் எல்லாம் எங்களுக்கு பாயாம அங்க விடக்கூடாதுன்னு இங்க கூட்டம் போடுவோம், நானும் போயிருக்கேன். இப்ப யோசிக்கேன், அங்க இருக்கவியளும் கடைவரம்புதான, அவியளுக்கு நாமதான் மேக்க வயல் மாமா.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒரு ஸ்டார் கொறச்சது தேதி மாத்தினதுக்கும் இங்கிலீஷ் பிளானுக்கும். கையில இருக்க காசுக்கு இது சின்ன தொக இல்ல, எங்க 72 சென்ட்ல ஒரு பூவுல மிஞ்சுற காசுல பெரும்பகுதி போச்சு, ஆனா ரெண்டு மூணு வயல்காரங்க சேந்து எடுத்தா ஆளுக்கு கொறையும், ஒரே வாய்க்கால்தான. நீங்க போறதா இருந்தா மார்ச்லயே சொல்லி வைங்க, வழியில வர்ற எல்லா சர்வே நம்பரும் எழுதிட்டு போங்க, ஊர்ல பழைய கல்லு தெரிஞ்ச வயசானவங்க இருந்தா அவியளையும் கூட்டிட்டு போங்க. எதிர் வயல்காரர முன்னாடியே கூப்பிட்டு அளக்கும்போது நிக்க சொல்லுங்க, நாங்க கூப்பிடல, கூப்பிட்டிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.

இந்த ஜூன்ல சானல் தொறந்து எங்க கிளைக்கு தண்ணி வர பதினோரு நாள் ஆச்சு. எங்க மொற சனிக்கிழம ராத்திரி, எட்டு மணிக்கு மடைய தொறந்துட்டு புது வாய்க்கால் ஓரத்துல டார்ச் அடிச்சுட்டு நின்னேன். மொதல்ல தும்பும் தூசியும் நொரையுமா உருண்டு வந்துது, வெடிப்புல எல்லாம் புஸ் புஸ்னு காத்து வெளிய வந்து குமிழி விட்டுது, அதுக்குப் பின்னாலயே கலங்கின தண்ணி. மேக்க வரப்புல இன்னொரு டார்ச் வெளிச்சம். மாமா. "வந்துட்டா மக்ளே?"ன்னு அங்க இருந்தே கேட்டாரு, வந்துட்டு மாமான்னேன். பதினோரு வாழையில மூணுதான் குலை வெட்டியிருக்காரு, மிச்சம் ஆடி கடைசில வெட்டுவாராம்.